கல்லிடுக்கில் முளைத்த கோரை

எங்கள் முற்றத்துக்கு இன்ரலொக் கல் பதித்தவர் லண்டன் மாமா. லண்டனில் இருந்தபடியே பதித்தார். சீமெந்தில் வார்த்த, ஒன்றோடொன்று கொழுவிக்கொள்ளும் சிவப்புக் கல்லும் சாம்பல் கல்லும் லொறியில் வந்து இறங்கின. பின்னால் வேலையாட்கள் வந்தார்கள். கேற்றிலிருந்து வாசற்படிவரை, அங்கிருந்து கிணற்றடிவரை, எங்கள் ஊரான சண்டிலிப்பாயின் நல்ல செம்மண்ணைக் கல்லால் மூடிவிட்டுப் போனார்கள். வேலை முடிந்த அன்று அப்பா செருப்பைப் படியில் கழற்றிவிட்டு முற்றத்தில் நடந்தார். தன் சொந்த முற்றத்தில் கோயிலுக்குள் நடப்பதுபோல நடந்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். அம்மா மட்டும் இடுப்பில் கை வைத்து நின்று, மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார்.

பதில் ஐப்பசியில் வந்தது. மழை ஊற்றி ஓய்ந்து மறுபடி ஊற்ற, கல் இடுக்கெல்லாம் பச்சை. முதலில் தலை காட்டியது கீழ்க்காய்நெல்லி. பிறகு குப்பைமேனி, சாரணை, அறுகு. கடைசியில், வரவே கூடாத கோரை. கோரையைத் தெரிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்கள் புண்ணியவான்கள். பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும். கிழங்கு கல்லுக்கு அடியில் சொகுசாகக் கிடந்து அடுத்த கிழமை இரண்டாக எழும்பும்.

மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டிக் கதைப்பார். கதைக்கத் தொடங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, கல்லு எப்படிக் கிடக்கு என்பதுதான். அப்பா போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய், புல் இல்லாத ஒரு மூலையைத் தெரிந்தெடுத்துக் காட்டுவார். நாள் போகப்போக அந்த மூலை சுருங்கிக்கொண்டு வந்தது. ஒரு கட்டத்தில் அப்பா தன் இரண்டு காலுக்கும் நடுவில் இருந்த கல்லைத்தான் காட்டினார்.

மாமா அம்மாவுக்குத் தமையன். அம்மாவுக்கு ஒரு தங்கையும் உண்டு, எனக்குச் சின்னம்மா. சின்னம்மா அப்போது எங்களோடுதான் இருந்தார். மாமா ஏன் கல்லையே கேட்டுக்கொண்டிருந்தார் என்றால், அவரால் சின்னம்மாவைக் கேட்க முடியவில்லை. சின்னம்மாவுக்கு லண்டன் மாப்பிள்ளை பார்த்தது மாமாதான். அவருடைய சினேகிதனாம். இங்கே வந்து கலியாண எழுத்து எழுதி, கோயிலில் தாலி கட்டி, ஒரு மாதம் இருந்துவிட்டு, லண்டனுக்கு எடுக்கப் பொன்சர் கடிதம் அனுப்புகிறேன் என்று போன ஆள் பிறகு அனுப்பியதெல்லாம் சாட்டுகள்தான். விசாப் பிரச்சினை என்றார், வேலைப் பிரச்சினை என்றார். பிறகு போனை எடுக்கவே இல்லை. அங்கே அவருக்கு வேறொரு பெண்ணும் பிள்ளையும் இருப்பது மாமாவுக்கே கடைசியில்தான் தெரிந்தது. தங்கையிடம் மன்னிப்புக் கேட்க வாய் வராத அந்த மனுசன் முற்றத்துக்குக் கல் அனுப்பினார். சிரிக்கலாம்தான். நான் இப்போது சிரிப்பதில்லை.

கல் பதிப்பதற்கு முன், சின்னம்மா தன் வீட்டில் தனியாக இருந்த காலத்தில், கொஞ்ச நாள் ஆசுப்பத்திரியில் கிடந்தார். எனக்குச் சொன்னது வயிற்றுக்குத்து என்று. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தை அவர் குடித்திருந்தார் என்பது நான் பெரியவளான பிறகுதான் தெரிந்தது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக்காட்டுகிற கெட்டித்தனம் என்னிடம் இல்லை. தவிரவும் இது தெரியாவிட்டால் அம்மா செய்ததெல்லாம் உங்களுக்கும் விசராக, பைத்தியக்காரத்தனமாகத்தான் படும். எனக்கு அந்த நேரம் அப்படித்தான் பட்டது.

பக்கத்துத் தோட்டக்காரர் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர், நல்ல மனிதர். முற்றத்துப் புல்லைக் கண்டுவிட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஒரு மூடி மருந்தைத் தண்ணீரில் கலந்து அடித்தால் ஒரு கிழமையில் எல்லாம் கருகிவிடும், நானே வந்து அடித்துத் தருகிறேன் என்றார். அப்பா ஓம் என்று வாயெடுக்க முன் அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள்ளிருந்து வந்துவிட்டார்.

"வேண்டாம் அண்ணை. கிணறு கிடக்கு. இஞ்சை மேலை ஊத்துறது எல்லாம் கீழைதான் போகும். நாங்கள் குடிக்கிற தண்ணி."

சொன்னதில் பிழையே இல்லை. எங்கள் ஊர் நிலம் சுண்ணாம்புக் கல். அதில் எதை ஊற்றினாலும் கிணற்றுக்கு வழி கண்டுபிடித்துவிடும். ஆனால் அம்மா அதைச் சொன்ன வேகம் கிணற்றுக்கான வேகம் இல்லை. தோட்டக்காரர் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். பிறகு கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்த சின்னம்மாவைப் பார்த்தார். ஓம் ஓம், நானும் யோசிக்காமல் சொல்லிப்போட்டேன் என்று சொல்லிவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது ஒரு யுத்தம். மருந்தில்லாமல் புல்லைக் கொல்ல வேண்டும். மாமா லண்டனில் இருந்து இன்ரநெற்றில் பார்த்துப் பார்த்து யோசனை சொன்னார். அங்கை எல்லாரும் இப்படித்தான் செய்யினம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை குத்தினார். கொதிதண்ணீர் ஊற்றச் சொன்னார். அம்மாவோ, விறகை எரித்து வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து நிலத்தில் ஊற்றுவதா என்று கேட்டு, சோற்றுக் கஞ்சியை வடித்த சூட்டோடு ஊற்றினார். புல் கொஞ்சம் சுருண்டது உண்மை. ஆனால் விடியும்போது ஊரில் உள்ள எறும்பெல்லாம் எங்கள் முற்றத்தில். எறும்பைத் தேடிக் கோழி வந்தது. கோழி இடுக்கு மணலையெல்லாம் கிளறிப் போட்டது. கிளறின இடத்தில் கோரை முன்னையைவிட வசதியாக எழும்பியது.

அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். கடையில் ஈரம் பட்டு விற்க முடியாமல் கிடந்த கட்டி உப்பை ஒரு சாக்கில் கொண்டுவந்தார். கிணற்றடிப் பக்கம் ஒரு மணி உப்பும் விழக்கூடாது, கிணறு உவராகிப் போனால் பிறகு உங்களைத்தான் அதற்குள் இறக்குவேன் என்று அம்மா சொல்லிவிட்டார். எனவே அப்பா கேற்றடியில் மட்டும் தூவினார். அன்று இரவே மழை. உப்புக் கரைந்து பக்கத்தில் நின்ற தேசி என்கிற எலுமிச்சை மரத்தின் வேருக்குப் போனது. கோரைக்கு ஒன்றும் நடக்கவில்லை. தேசி இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. அம்மா அந்த மரத்தடியில் நின்று, கிணற்றுக்கு வராத வரைக்கும் புண்ணியம் என்று மட்டும் சொன்னார். அப்பா அன்றைக்கு முழுக்கத் தேசி மரம் இருந்த பக்கமே பார்க்கவில்லை.

மார்கழியில் மழை விட்டுக் கொஞ்ச நாள் வெயில் எறித்தது. மாமாவின் அடுத்த யோசனை நெருப்பு. லண்டனில் அதற்கென்று காஸில் எரிகிற ஒரு குழாய் இருக்கிறதாம். புல்லின் தலையில் ஒரு கணம் காட்டினால் போதுமாம், எரிக்கத் தேவையில்லை, வாட்டினாலே செத்துவிடுமாம். எங்களிடம் குழாய் இல்லை, பனையோலை இருந்தது. அப்பா காய்ந்த ஓலையைச் சூளாகக் கட்டி, கொளுத்தி, குனிந்து குனிந்து இடுக்கு இடுக்காக வாட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் கைதட்டிக்கொண்டு போனேன். வேலைதான் வெகு திறமாக நடந்தது, அப்பா தென்னோலை பின்னிய கிடுகு வேலிக்குப் பக்கத்தில் போகும்வரை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை என்பார்கள். அப்பா வேலியையே மடியில் விட்டார். சோளகக் காற்றுக்கோ வாடைக் காற்றுக்கோ காத்திராமல் நெருப்பு மூன்று பாக நீள வேலியைத் தின்றுவிட்டது. தோட்டக்காரர்தான் முதலில் வாளியோடு ஓடிவந்தார். தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, மனேச்சர், ஒரு மூடி மருந்து என்று தொடங்கினார். அம்மாவைக் கண்டதும் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

கடைசியில் வென்றது பெரிய யோசனை ஒன்றுமில்லை. பின்னேரம் அம்மா ஒரு கிடாரம் தண்ணீரைக் கொதிக்க வைத்து, இந்த முறை கஞ்சி இல்லை, வெறும் தண்ணீர், ஒரு பகுதி இடுக்குகளுக்கு ஊற்றுவார். அதைத் தானே தூக்கி ஊற்றுவார், மற்றவர்களை விடமாட்டார். காலையில் மண் இளகி இருக்கும். சின்னம்மாவும் நானும் பலகைத் துண்டில் குந்தியிருந்து, இடுக்குக்குள் விட்டுக் கிளறிக் கிளறிக் கிழங்கோடு எடுப்போம். எடுத்த இடத்தில் காய்ந்த மணலைப் போட்டுத் தும்புத்தடித் துடைப்பத்தால் தள்ளி இறுக்குவோம். கிளறுவதற்கு அம்மா எங்களுக்குத் தந்தது தட்டையாக அடித்த பழைய கரண்டிக் காம்பு. கூரே இல்லாதது. வீட்டில் இரும்பு அரிகிற வாளின் முறிந்த அலகு ஒன்று கிடந்தது, அதுவென்றால் சுகமாகப் போகும் என்று நான் சொன்னேன். அம்மா அதை எங்கே கொண்டுபோய் எறிந்தாரோ, பிறகு காணவில்லை.

இந்த வேலையில் நான் சேர்ந்த விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. பள்ளிக்கூட விடுமுறை. வருகிற வருடம் புலமைப்பரிசில் சோதினை. என் வகுப்புப் பிள்ளைகளெல்லாம் காலையில் ஒரு ரியூசன், பின்னேரம் ஒரு ரியூசன். யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் ஐந்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளையை ரியூசனுக்கு விடாமல் புல்லுப் பிடுங்க வைத்தால் அந்தத் தாயைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்? அப்பாவே கேட்டுப் பார்த்தார். சோதினை வரும் போகும் என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்: சின்னம்மாவை விட்டிட்டு எங்கையும் போகக்கூடாது. குளிக்கப் போனாலும் கிணற்றடியில் நில். கடைக்குப் போனாலும் கூடப் போ. சின்னம்மாவுக்குப் பயமாம். இவ்வளவு பெரிய ஆளுக்கு என்ன பயம் என்று கேட்டதற்கு, கேள்வி கேட்கிற வாயால் ஒரு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிடு என்றார்.

சின்னம்மா முதல் நாட்களில் வாயே திறக்கவில்லை. ஒரே கல்லைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நான்தான் கதைத்தேன், எனக்குக் கதை குறைவில்லை. கோரைக் கிழங்கை அறாமல் முழுசாக எடுப்பவர் வெற்றி என்று ஒரு போட்டி வைத்தேன். அவருடைய கிழங்குகள் எல்லாம் அறுந்து அறுந்து வந்தன. ஒரு நாள் என் கையில் வால் நீண்ட பெரிய கிழங்கு ஒன்று முழுசாக வந்தது. எழும்பித் துள்ளினதில் பலகை தட்டுப்பட்டு நான் குப்புற விழுந்தேன். சின்னம்மா சிரித்தார். சத்தமாக, அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வர. குசினி ஜன்னலில் அம்மாவின் முகம் தெரிந்தது. மகள் மூக்கில் இரத்தத்தோடு எழும்பி நிற்கிறாள், தாய் ஓடிவரவில்லை. அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பெரிய மனவருத்தம்.

அதற்குப் பிறகு சின்னம்மா விடியவே எழும்பி என்னைத் தட்டி எழுப்பத் தொடங்கினார். இன்றைக்கு எந்தப் பக்கம் என்று அவரே தீர்மானிப்பார். கேற்றடி முடிந்தது. படிக்கட்டடி முடிந்தது. பிடுங்கிய சாரணையை ஆய்ந்து வறை வறுத்தார். முடித்த பக்கத்தில் யாராவது செம்மண் காலோடு நடந்தால் அவருக்குக் கோபம் வரும். அப்பாவுக்கே ஒருமுறை பேச்சு விழுந்தது. பேச்சு வாங்கிய அப்பா வெகு சந்தோசமாகக் கால் கழுவப் போனார்.

அந்த நேரத்தில்தான் மாமா ரிக்கற் போட்டுவிட்டதாகச் சொன்னார். தைப்பொங்கலுக்கு வருகிறார். பொங்கல் எங்கள் முற்றத்தில், அவருடைய கல்லின் மேல். அப்பாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. கிணற்றடிப் பக்கம் இன்னும் தொடவே இல்லை. அங்கேதான் ஈரம், அங்கேதான் கோரை கதிர் விட்டு நின்றது. மச்சான் கல்லைப் பார்த்து மனம் நோகப்போகிறார் என்று அப்பா சொல்லிச் சொல்லித் திரிந்தார். உண்மையில் மாமா வந்தபோது கல்லைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. கேற்றுக்குள் வந்து சின்னம்மாவைக் கண்டதும் பயணப் பெட்டியைப் போட்டுவிட்டு, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஆனால் அது அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அவர் பயந்துபோய் ஒரு வேலை செய்தார். தோட்டக்காரரிடம் போய் மருந்துப் போத்தலை வாங்கிக்கொண்டு வந்தார். எல்லாரும் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துக் கிணற்றடியில் இரகசியமாக அடித்துவிட்டுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது அவருடைய திட்டம். அதுவரைக்கும் ஒரு கடைப் பைக்குள் சுற்றி, தண்ணீர் மோட்டர் வைத்த கொட்டிலில், கூரை வளைமரத்தில் செருகி வைத்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். சின்னம்மா சிரித்ததை அவரும் கேட்டிருந்தார். இனிப் பயமில்லை என்று நினைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை. அம்மா மிளகாயும் மல்லியும் வறுத்து, மாமா திரும்பிப் போகும்போது கொடுத்துவிடத் தூள் இடிப்பிக்க மில்லுக்குப் போனார். போகும்போது என் காதைப் பிடித்துக் கட்டளையை இன்னொருமுறை சொன்னார். அப்பா கடைக்குப் போயிருந்தார். சின்னம்மாவும் நானும் கிணற்றடியில் தொடங்கினோம். கொஞ்சம் தண்ணீர் விட்டால் மண் இளகும் என்று சின்னம்மா மோட்டரைப் போடக் கொட்டிலுக்குள் போனார். கட்டளைப்படி நானும் பின்னால் போனேன். சுவிச்சைப் போடக் கை நீட்டியவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். பையை எடுத்தார். உள்ளே பார்த்தார்.

மோட்டர் போடவில்லை. அவர் போத்தலை ஒரு கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். எனக்கு நின்று நின்று கால் கடுத்தது.

"உந்தப் போத்தலை ஆர் கொண்டந்தது?" என்று கேட்டார்.

அப்பாவாகத்தான் இருக்கும், புல்லுக்காக இருக்கும் என்றேன். மாமா வருகிறாரே.

சின்னம்மா இன்னும் கொஞ்ச நேரம் போத்தலைப் பார்த்தார். அவருடைய முகத்தில் எனக்குத் தெரிந்தது கோபம். நாங்கள் முடித்த பக்கத்தில் செம்மண் காலோடு நடந்தால் வருகிற அதே கோபம்.

"அப்ப நாங்கள் புடுங்கிறது போதாதாமோ?" என்றார். பிறகு, "வா, குடுத்திட்டு வருவம்" என்றார்.

தோட்டக்காரருடைய வீடு, புதுக் கிடுகு கட்டி அடைத்துவிட்ட வேலிக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் வாசல் அடுத்த ஒழுங்கையில். சுற்றித்தான் போக வேண்டும். சின்னம்மா பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி விறுவிறென்று நடந்தார். நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால். மதகடிக்கு வந்ததும் அவர் நின்றார். நின்றவர் மதகுக் கட்டில் குந்தி இருந்துவிட்டார். பை மடியில். வாய்க்காலில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இல்லை. அவர் பையின் வாயை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் வாய்க்காலுக்குள் கல் எறிந்தேன். எறிந்து முடித்தேன். பசித்தது. வெயில் தலையில் ஏறியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"சின்னம்மா, கிணத்தடியை இண்டைக்கு முடிக்கவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இஞ்சை இருந்தால் நான் தனியவே புடுங்கிறது?"

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். என் கை நகத்துக்குள் இருந்த சேற்றைப் பார்த்தார்.

"ஓம்," என்றார். "முடிக்கவேணும்."

எழும்பி நடந்தார். அந்த மதகில் இருந்து என்ன யோசித்தீர்கள் என்று பின்னாளில், நான் கம்பசுக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒருமுறை கேட்டேன். கால் உளைந்தது என்றார். சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டார்.

தோட்டக்காரர் வீட்டுக் கொட்டிலில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். சின்னம்மாவைக் கையில் பையோடு கண்டதும் எழும்பினார். எழும்பின வேகத்தில் கடகம் சரிந்து வெங்காயம் நிலமெல்லாம் உருண்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. ஓடிவந்து பையை இரண்டு கையாலும் வாங்கி, போத்தலை வெளியே எடுத்து, மூடியைத் திருகிப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. வெளிச்சத்துக்குப் பிடித்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

"நான் தந்திருக்கக்கூடாது தங்கச்சி," என்றார்.

"அத்தானை ஒண்டும் பேசாதேங்கோ அண்ணை. உது எங்கடை வீட்டுக்கு வேண்டாம். புல்லை நாங்கள் புடுங்கிறம்," என்றார் சின்னம்மா.

அவ்வளவுதான். தோட்டக்காரர் எனக்கு ஒரு கை வெங்காயம் அள்ளித் தந்தார். வெங்காயத்தை வைத்து ஒரு பிள்ளை என்ன செய்யும் என்று அவர் யோசிக்கவில்லை. சட்டை மடியில் கட்டிக்கொண்டு நான் சின்னம்மாவோடு திரும்பினேன். சின்னம்மாவின் நடை இப்போது ஆறுதலாக இருந்தது. வழியில் ஒரு வீட்டு வேலியோரம் நின்ற சாரணையைக் காட்டி, எங்களுடையதைவிட இது இளசு என்றுகூடச் சொன்னார்.

ஒழுங்கை முடக்கில் திரும்பினோம். எதிரே அம்மா ஓடி வந்துகொண்டிருந்தார். அம்மா ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காலில் செருப்பில்லை. தலை அவிழ்ந்து கிடந்தது. கையும் சட்டையும் மிளகாய்த் தூளால் சிவந்திருந்தன. பின்னால் அப்பா. சைக்கிளை நடு ஒழுங்கையில் விழுத்திவிட்டு வந்தார். மில்லிலிருந்து திரும்பிய அம்மா வெறும் வீட்டைக் கண்டதும், அதே நேரம் வந்து சேர்ந்த அப்பா கொட்டில் வளையைத் தடவிப் பார்த்ததும், அம்மாவிடம் அதைச் சொல்லவேண்டி வந்ததும் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரம் தெரிந்தது, அம்மா என்னிடம் வந்ததும் முதுகில் படாரென்று விழுந்த அடி மட்டும்.

"எங்கை போனனீங்கள்? ஏன்டி சொல்லாமல் போனனீ?"

வெங்காயம் ஒழுங்கையெல்லாம் சிதறியது. நான் திகைத்துப்போனேன். சின்னம்மாவை விட்டிட்டுப் போகாதே என்றார், நான் விட்டேனா? கொட்டிலுக்குள்ளும் கூடப் போனேன், மதகடியில் வெயிலில் காய்ந்தேன், தோட்டக்காரர் வீடுவரைக்கும் கூடவே போய்க் கூடவே வந்திருக்கிறேன். சொன்னதைச் செய்த பிள்ளைக்கு அடி. போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று சின்னம்மா சொன்னது அம்மாவின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அம்மா என்னை விட்டுவிட்டுச் சின்னம்மாவின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்தார். கிட்ட இழுத்தார். சின்னம்மாவின் வாயோடு மூக்கை வைத்து நீளமாக மூச்சை உள்ளே இழுத்தார். பிறகு மறுபடியும். சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைப் பிள்ளை போல வாயைத் திறந்து காட்டினார். அம்மா மூன்றாம் தரமும் மணந்தார். மணந்துவிட்டு அப்படியே அவரைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை நடுவில் நிலத்தில் இருந்துவிட்டார்.

எங்கள் ஊரில் பிள்ளைகளைக் கொஞ்சுவது அப்படித்தான். மூக்கை வைத்து மூச்சை உள்ளே இழுப்பார்கள். அம்மா சின்னம்மாவைக் கொஞ்சுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு அடி, அவருக்குக் கொஞ்சல். அந்த அநியாயத்தை நினைத்து நினைத்து, சிதறின வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டு, வீடு வரும்வரை நான் சத்தம் போட்டு அழுதேன்.